பெரியவர் வந்திருந்த கோழி

அந்த மாதம் சென்னியப்பனுக்குக் கோழிக்குள் போய்க் காவல் இருக்க முறை விழுந்தது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச முறை வைத்திருப்பதுபோல இதற்கும் ஊரில் முறை உண்டு. கோழிப்பண்ணை வைத்திருக்கிற வீடுகளிலிருந்து ஆள் போக வேண்டும். காய்ச்சல், கலியாணம் என்றால் தள்ளிப்போடலாம். சென்னியப்பனுக்கு இரண்டும் இல்லை. போனான்.

கடைசிக் கூண்டில் இருந்த, கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்த வெள்ளைக் கோழி அது. அவர்களுடைய சொந்தக் கோழிதான். அலகைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. அவன் மனைவி பாவாயிக்கும் அதே கோழியில்தான் முறை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கோழிக்குள் போவது அபூர்வம். வழியனுப்ப வந்தவர்கள் கேலி பேசினார்கள்.

"ஊட்டிக்குப் போறாப்ல இருக்குது," என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர்.

"போயிட்டு வர்றமுங்க," என்றாள் பாவாயி. சோறு கட்டிய தூக்குப்போசியை முதலில் உள்ளே வைத்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து ஏறினாள்.

முறை முடிந்தால் அலகு திறக்கும். வெளியே வந்துவிடலாம். அதற்குள் கோழி விழுந்துவிட்டால் அலகு திறக்காது. உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருந்துவிடுவார்கள். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பாவாயிக்கு மண்ணீரலில் வேலை. அது ஒரு பெரிய கூடம். கூடம் நிறைய ஆட்கள் வரிசை வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வெண்கல மணி தொங்கியது. செய்தி வந்தால் பாவாயி மணியை அடிக்க வேண்டும். ஓர் அடிக்கு ஒரு வரிசை எழுந்து போகும்.

சென்னியப்பனுக்குச் செய்தி கொண்டுபோகிற வேலை. தொண்டை வாசலில் நாட்ராயன் என்பவர் காவல் இருந்தார். யார் வந்தாலும் அவர் பார்ப்பார். பார்த்ததைச் சென்னியப்பனிடம் சொல்வார். சென்னியப்பன் நடைவழியில் இறங்கிப்போய்ப் பாவாயியிடம் சொல்வான். நடைவழி ஒரே நீளத்தில் இருக்காது. கோழி கழுத்தை நீட்டினால் அதுவும் நீளும். அப்போதெல்லாம் கையில் கொஞ்சம் பொரிகடலை வைத்திருப்பது நல்லது.

அவனுக்கு இந்த வேலை புதிதில்லை. போன முறை சித்தப்பா வீட்டுக் கோழியில் இதையேதான் செய்தான். அப்போது சின்னவர் வந்திருந்தார்.

சின்னவரும் பெரியவரும் அண்ணன் தம்பி. வெளியில் இருவரையும் சேர்த்து வெள்ளைக்கழிச்சல் நோய் என்பார்கள். உள்ளே அப்படிச் சொல்வது மரியாதையில்லை. இருவருக்கும் ஒரே முகம். ஒரே மாதிரி வேட்டி, சட்டை. இருவர் கையிலும் ஒரு சாவி இருக்கும். வித்தியாசம் சாவியில்தான். சின்னவரின் சாவி தொண்டை அறைக்கும் குடல் அறைக்கும் சேரும். மற்றக் கதவுகளில் நுழையாது. பெரியவரின் சாவி எல்லாக் கதவுக்கும் சேரும்.

சின்னவரை ஊர்க்காரர்களே அழைத்துவருவார்கள். அன்றைக்குக் கோழிகளைக் கொஞ்ச நேரம் தாகத்தில் விட்டுவைப்பார்கள். தொட்டித் தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்து அவரை அதில் இறக்குவார்கள். பிறகு குழாயைத் திறப்பார்கள். கோழி குடிக்கும். அவர் வந்துவிடுவார்.

சித்தப்பா வீட்டுக் கோழிக்குள் அவர் அப்படித்தான் வந்தார். தொண்டை அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லேசாக இருமினார். சென்னியப்பன் நடந்து போய், ஒரு வரிசை போதும் என்று சொன்னான். ஒரு வரிசை வந்தது. அவரைச் சுற்றி நின்றுகொண்டது. யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை. அறையை விட்டு நகரவும் விடவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். அதற்குள் படக்காரர் வந்து எதிரே உட்கார்ந்து அவர் முகத்தை வரைந்தார். நிதானமாக வரைந்தார். நாட்கள் ஆயின. முடிந்ததும் அதுபோல இன்னும் பல வரைந்து ஒவ்வொரு கதவுக்கு மேலும் மாட்டினார்கள். சின்னவர் தன் படத்தைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். எழுந்து போனார். கோழி அந்த நாட்களில் சில தும்மல் போட்டது. முட்டை ஒன்றோ இரண்டோ குறைந்தது. அவ்வளவுதான்.

உள்ளே இருப்பவர்களுக்குக் கோழிதான் வீடு. படம் மாட்டியிருக்கிற வீட்டுக்குப் பெரியவர் வந்தால் வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிடும். முகம் ஒன்றுதானே. முழங்கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அப்போதிருந்தே சென்னியப்பனுக்குள் ஒரு கேள்வி இருந்தது. அண்ணன் தம்பிக்கு முகம் ஒன்று. காவலுக்கு இருக்கிற ஆட்களும் அதே ஆட்கள். பிறகு ஏன் தம்பி வந்த வீடு நிற்கிறது, அண்ணன் வந்த வீடு விழுகிறது? அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேள்வியை வாயிலேயே வைத்துக்கொண்டு நாட்கணக்கில் சும்மா இருப்பது அவன் பழக்கம். பாவாயி ஆரம்பத்தில் பல்வலி என்று நினைத்தாள்.

இந்தக் கோழியிலும் கதவுக்குக் கதவு படம் மாட்டியிருந்தது. சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, மாலைகூடப் போட்டிருந்தார்கள். ஆனால் உள்ளே வெறும் வெள்ளைத்தாள்தான் இருந்தது.

"படத்துல மூஞ்சியக் காணமுங்களே," என்றான் நாட்ராயனிடம்.

"வந்த சின்னவருக்கே இல்லீங்க. நாமளா ஒரு மூக்கு வெச்சா நல்லாவா இருக்கும்?"

சென்னியப்பன் இந்தக் கோழியின் படக்காரரைத் தேடிப் போனான். அவர் பெயர் அத்தியப்பன். மண்ணீரல் கூடத்தின் கடைசி வரிசையில், தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சின்னவரு எப்படி இருந்தாருங்க?"

"வெளுத்திருந்தாரு. சட்டை, வேட்டி, மூஞ்சி, எல்லாமே. சோத்துத் தட்டாட்ட இருந்துது. கண்ணு எங்கீங்கன்னு கேட்டேன். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"செத்துப்போயித்தான் வந்தாரு."

இருவரும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அது இருவருக்கும் பிடித்திருந்தது.

மறுநாள் கோழி தண்ணீர் குடிக்க அலகைத் திறந்தபோது சென்னியப்பன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தான். தொட்டியருகில் குப்பண்ணன் நின்றிருந்தார். பண்ணைகளுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர்தான்.

"குப்பண்ணா, சின்னவரு வந்தன்னிக்குத் தொட்டியில என்னுங்க போட்டீங்க?"

"பிளீச்சிங் பவுடரு."

"அன்னிக்கு மட்டும் போடக்கூடாதுங்களே."

"மத்த நாளைக்கு ஒரு கைதான் போடுவேன். அன்னிக்கு வீட்டுக்கு ஒரம்பரை வர்றாருன்னாங்க. ஒரம்பரை வந்து எறங்கற தண்ணி பாசி நாத்தம் அடிச்சா உங்களுக்குத்தான கேவலம்? அதனால ரெண்டு கை சேத்திப் போட்டேன்." அவர் கொஞ்சம் பெருமையாக இருந்தார். "வாசம் வந்துதா?"

"வந்துதுங்க."

"அதான்."

கோழி தண்ணீரை விழுங்கியது. அலகு மூடிக்கொண்டது. சென்னியப்பன் முழங்கால்வரை நனைந்து வாசலில் நின்றான். விருந்தாளியைத் தொட்டியிலேயே கொன்று, வெளுத்து, அதற்கு மாலையும் போட்டிருக்கிறார்கள். குப்பண்ணன்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்தவர்களை நன்றாக உபசரிக்க வேண்டும் என்றுதான் அவனும் வளர்க்கப்பட்டிருந்தான்.

பெரியவர் அந்த வாரமே வந்தார். முட்டை ஏற்றுகிற வண்டியில், பழைய முட்டை அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தாராம்.

நாட்ராயன் அவரைப் பார்த்தார். கதவுக்கு மேலிருந்த வெள்ளைத்தாளைப் பார்த்தார். திரும்ப அவரைப் பார்த்தார்.

"யாருன்னு தெரியலீங்களே."

"ஒரம்பரைங்க," என்றார் பெரியவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாவியை மடியில் வைத்துக்கொண்டார்.

சென்னியப்பன் செய்தியோடு கிளம்பினான். முதல் அறையைத் தாண்டும்போது உள்ளே பெரியவர் உட்கார்ந்திருந்தார். வணக்கம் வைத்தார். அவனும் வைத்தான். அடுத்தது நுரையீரல் அறை. அங்கும் பெரியவர். வணக்கம் வைத்தார். ஈரல் அறை, குடல் அறை, மூளைக்குப் போகிற குறுகலான மச்சு அறை, எல்லாவற்றிலும் அதே நாற்காலி, அதே மடியில் அதே சாவி. சென்னியப்பன் எந்த வணக்கத்தையும் விடவில்லை. அதில் நேரம் போய்விட்டது.

மண்ணீரல் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொரு அறையின் செய்திக்காரனும் அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"வந்துட்டாரு. எங்க அறைக்கு வந்துட்டாரு."

"எங்களுக்குத்தான் மொதல்ல."

பாவாயிக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். வரிசைகள் எழுந்து போய்க்கொண்டிருந்தன.

"உங்குளுக்கு எத்தன வரிசைங்க?" என்றாள் அவனிடம்.

"எல்லாரும் எத்தன கேட்டாங்க?"

"எல்லாத்தையுந்தான் கேக்கறாங்க."

"அப்ப எனக்கும் அதேதான்," என்றான். சொன்ன பிறகுதான் தான் யோசிக்கவில்லை என்பது தெரிந்தது. அதற்குள் அவள் அடித்துவிட்டாள்.

அவன் ஆட்களின் பின்னாலேயே போனான். சித்தப்பா வீட்டுக் கோழியில் வெந்நீர் வைத்துக் கொடுத்த அதே மாதிரி ஆட்கள். ஆனால் இப்போது கையில் பந்தம் இருந்தது. யாரைப் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்த்தார்கள். வெள்ளையாக இருந்தது. அதனால் அறையோடு கொளுத்தினார்கள். உத்தரம் எரிந்தது. சுவர் எரிந்தது. நாற்காலி கடைசியாகத்தான் எரிந்தது.

"எதுக்குங்க கொளுத்தறீங்க?" என்று ஒருவனைக் கேட்டான்.

"மணி அடிச்சுதல்லோ."

"அவரு எங்கே?"

"உள்ளதான் இருக்கோணும்."

"உள்ளேங்கறதே இப்ப இல்லையே."

பந்தக்காரன் திரும்பிப் பார்த்தான். "அப்ப இங்க வேலை முடிஞ்சுது," என்று அடுத்த அறைக்குப் போனான்.

வீடு கொதித்தது. நடைவழி ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டது. வெளியே கோழியின் கழுத்து திருகிவிட்டது என்று அதற்குப் பொருள். சென்னியப்பன் பாதித் தூரம் தரையிலும் மீதித் தூரம் கூரையிலும் நடந்தான். இப்படியே போனால் கோழி விழுந்துவிடும். அலகு திறக்காது. பாவாயி அந்த மணியடியிலேயே இருந்துவிடுவாள். அது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும், அந்தப் பழைய கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இன்னும் தீப்பிடிக்காத ஈரல் அறைக்குள் நுழைந்து பெரியவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"நீங்க இங்க என்னுங்க பண்றீங்க?"

"உக்காந்திருக்கறனுங்க."

"உங்க தம்பியும் உக்காந்துதான் இருந்தாரு."

"அவனுக்கு ஒரு நாற்காலி. எனக்கு எல்லா நாற்காலியும்."

"வீட்ட அழிக்கறது நீங்களா?"

பெரியவர் யோசித்தார். "நானும் ஒடைப்பனுங்க. பொய் சொல்லக்கூடாது. கதவு, சன்னல், அங்கங்க செவுத்துல கொஞ்சம். ஆனா தீப்பெட்டி எங்கிட்ட இல்லீங்க."

"அது யாரு குடுத்தது?"

"நீங்கதான் எல்லாரும் ஒண்ணா ஓடுனீங்களே," என்றார் பெரியவர். குறையாகச் சொல்லவில்லை. "என்ற தம்பி வந்தா ஒருத்தரு நடந்து போறீங்க. நான் வந்தா அத்தன பேரும் ஓடறீங்க. நடந்து போற வீட்டுல நான் இன்னும் உக்காந்து பாத்ததில்லைங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் எரிகிற சத்தம் கேட்டது.

அவன் எழுந்து வெளியே வந்தபோது ஒரு வரிசை பந்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசியில் அத்தியப்பன் போனார். தூரிகை காதில் இருந்தது. கையில் பந்தம்.

"நீங்க எங்கீங்க போறீங்க?"

"எங்க வரிசைக்கு மணி அடிச்சுட்டாங்க."

"அப்பறம் படத்த வரையறது யாரு?"

"அத மணிகிட்டக் கேளுங்க."

சென்னியப்பன் பந்தத்தைப் பிடுங்கி மிதித்து அணைத்தான். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்ணீரல் கூடத்துக்குத் திரும்பினான். கூடம் கிட்டத்தட்டக் காலி. பாய்கள் மட்டும் கிடந்தன. ஒரே ஒரு வரிசை மிச்சமிருந்தது. அதுவும் எழுந்து நின்று மணிக்குக் காத்திருந்தது. செய்திக்காரர்கள் முன்பைவிடக் கத்தினார்கள். பாவாயி கையை ஓங்கியிருந்தாள்.

"சொல்லுங்க. எந்த அறைக்கு?"

சென்னியப்பன் சொல்லவில்லை.

"ஏனுங்க, எந்த அறைக்குன்னு கேக்கறனே."

"அடிக்காத புள்ள."

"அடிக்கலீன்னா நாம இங்கயே கெடக்கோணும்."

"அடிச்சாலும் இங்கயேதான் கெடக்கோணும். போனவங்க ஒருத்தராச்சும் திரும்பி வந்தாங்களா? பாயப் பாரு."

அவள் பாய்களைப் பார்த்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"மூஞ்சி வரைய எத்தன நாளுங்க ஆகும்?" என்று அத்தியப்பனைக் கேட்டாள்.

"அவசரப்படுத்துனா வராதுங்க. கண்ணுக்கே ஒரு நாளு வேணும்."

"கோழி தாங்குமா?"

"அது கோழி பாடுங்க."

பாவாயி கையை இறக்கினாள். ஆனால் மணி நிற்கவில்லை. செய்திக்காரர்கள் போட்ட கூச்சலில் அது தானாகவே ஆட ஆரம்பித்திருந்தது. நாக்கு விளிம்பைத் தொடுவதற்குள் பாவாயி தகர டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். மணிக்குள் கையை விட்டு அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் நின்றது. கடைசி வரிசை உட்கார்ந்தது. செய்திக்காரர்களின் வாய் அசைந்துகொண்டிருந்தது. மணி அடிக்காததால் அவர்கள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது.

கூடத்திலும் ஒரு நாற்காலி இருந்தது. அதில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அத்தியப்பன் அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தூரிகையை எடுத்தார்.

"தாடையக் கொஞ்சம் எறக்குங்க."

பெரியவர் இறக்கினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "என்னைய யாரும் வரைஞ்சதில்லீங்க," என்றார். "அவ்வளவு நேரம் எந்த வீடும் இருந்ததில்ல."

சென்னியப்பன் அறை அறையாகப் போனான். எந்தச் செய்தியும் கொண்டுபோகவில்லை. பந்தம் பிடித்து நின்றவர்கள் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தான். மணி கேட்காமல் அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்களும் உட்கார்ந்தார்கள். பொரிகடலை கொடுத்தான். பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து அணைந்தன. கோழி கூண்டின் தரையில் கழுத்தைத் திருகிப் படுத்திருந்தது. தரை ஒருநாள் இந்தப் பக்கம் சாய்ந்தது. ஒருநாள் அந்தப் பக்கம் சாய்ந்தது. சாயும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கூடத்துக்குப் போகும்போதெல்லாம் பாவாயியைப் பார்ப்பான். அவள் டின்மேல் நின்றபடியே இருந்தாள். தூக்குப்போசியிலிருந்து அவன்தான் ஊட்டினான்.

"இப்ப எதுங்க வரையறாரு?" என்பாள். அவளுக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை.

"மூக்கு."

"எப்படி இருக்குது?"

"உங்க அண்ணனாட்ட இருக்குது."

"போதுமுங்க," என்பாள்.

படம் முடிந்தது. அத்தியப்பன் அதுபோலவே வரைந்து தள்ளினார். முதல் படத்துக்குத்தான் நாள் பிடித்தது. மற்றவை மளமளவென்று வந்தன. கடைசி வரிசை எழுந்தது. ஆளுக்கொரு படத்தை எடுத்துக்கொண்டு நடந்து போனது. அறைக்குள் போய்ப் படத்தைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், "இவருதான்" என்றார்கள். முழங்கையைப் பிடித்து எழுப்பி வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார்கள். பெரியவர் முரண்டு பிடிக்கவில்லை. போகும்போது படத்தை எட்டிப்பார்த்தார்.

"காது கொஞ்சம் பெருசு," என்றார்.

நடைவழி மெதுவாகப் பிரிந்து நேரானது. ஆனால் முன்புபோல இல்லை. பல கதவுகளுக்குப் பின்னால் அறை இல்லை. நாட்ராயன் வெள்ளைத்தாள்களைக் கழற்றிவிட்டுப் புதுப்படங்களை மாட்டிக்கொண்டிருந்தார். மேலே வெளிச்சம் தெரிந்தது. அலகு திறந்திருந்தது.

சென்னியப்பன் கூடத்துக்கு ஓடினான். பிறகு ஓடக்கூடாது என்று நினைவு வந்து நடந்தான்.

"வா புள்ள. தொறந்துருச்சு."

பாவாயி இறங்கவில்லை. "விட்டா அடிக்குமுங்க."

"அவருதான் போயிட்டாரே."

"மணிக்கு அது தெரியாதுங்க. காத வெச்சுப் பாருங்க."

அவன் மணியின் வெளிப்பக்கத்தில் காதை வைத்தான். வெண்கலம் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இத்தன நாளு அடிக்காதது பூராவும் இதுக்குள்ளதான் இருக்குது," என்றாள். "கைய விட்டா மொத்தமும் ஒண்ணா வரும். இப்பத்தான் தீ அணைஞ்ச வீடு. மறுபடியும் தாங்காது."

"நான் புடிச்சுக்கறேன். நீ போ."

"கை மாத்தற நேரம் போதுமுங்க அதுக்கு."

அவன் யோசித்தான். வேறு ஏதாவது வழி இருக்கும் என்று யோசித்தான். அவளும் அவன் யோசித்து முடிக்கட்டும் என்று விட்டாள். வழி எதுவும் வரவில்லை.

"அலகு மூடிரப்போவுது," என்றாள் பாவாயி கடைசியில். "போசிய எடுத்துக்குங்க. நல்லாப் புளி போட்டுக் கழுவுங்க, இல்லீன்னா வாடை போகாது."

அவன் போசியை எடுத்துக்கொண்டு ஏறி வெளியே வந்தான்.

வெளியே வெயில் அடித்தது. வரவேற்க வந்தவர்கள் அவன் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்கள். அத்தியப்பன் வந்தார். நாட்ராயன் வந்தார். மிச்சமிருந்த ஒரு வரிசையும் பந்தம் அணைந்து உட்கார்ந்தவர்களும் வந்தார்கள். புதிதாக முறை விழுந்தவர்கள் கோழியின் நாக்கில் கால்வைத்து உள்ளே இறங்கினார்கள். அலகு மூடிக்கொண்டது. பக்கத்துப் பண்ணைக்காரர் எதையோ சொல்ல வாயெடுத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோழி எழுந்து நின்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தீவனத்தை ஒரு கொத்துக் கொத்தியது. பிறகு ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது.

எல்லோரும் போன பிறகு சென்னியப்பன் கூண்டைத் திறந்தான். கோழியைக் கையில் எடுத்தான். உடம்பு இளஞ்சூடாக இருந்தது. இறக்கையை விலக்கி அதன் விலாவில் காதை வைத்தான்.

மணிச்சத்தம் எதுவும் இல்லை.

இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தான். கோழி அசையாமல் இருந்து கொடுத்தது. சத்தம் இல்லை. அவன் காதை எடுக்கவில்லை.